என்ன வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை!



குழந்தை இல்லையே என்று ஏங்கும் சகோதரிகளின் கடிதங்களை இந்தப் பகுதியில் நிறையப் படித்திருக்கிறேன். படித்துவிட்டு கண் கலங்கியதும் உண்டு. ஆனால் என் கதை அதற்கு நேர் மாறானது. குழந்தை வேண்டாம் என்று நாங்கள் இருவரும் மனமொத்து முடிவு செய்து, கருத்தடை ஆபரேஷன் செய்துகொள்ள ஆஸ்பத்திரி படியேறிய தம்பதி நாங்கள். இப்படியும் ஒருத்தியா என்று முகம் சுளிக்காமல் கடைசி வரை படியுங்கள். அப்புறம் திட்டுவதானால் திட்டுங்கள்.

எனக்கு 36 வயது. பத்தாவது வரை படித்த குடும்பத்தலைவி. கணவர் லேத் பட்டறையில் டர்னர். 2014ல் திருமணம்.

பிறந்த வீட்டில் ஐந்து பிள்ளைகளில் நான்தான் மூத்தவள். அப்பா மூட்டை தூக்கும் வேலை. அம்மா நடவு, களையெடுப்பு என்று காலையில் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார். கடைசித் தம்பி பிறந்தபோது எனக்கு 13 வயது. அவனைக் குளிப்பாட்டியது, பவுடர் போட்டுத் தூங்க வைத்தது, இடுப்பில் தூக்கிக்கொண்டு ரேஷன் கடை வரிசையில் நின்றது எல்லாம் நான்தான். பத்தாவதில் நல்ல மார்க் வாங்கினேன். 'நீயும் பள்ளிக்கூடம் போயிட்டா இதுங்களை யாரு பார்க்கிறது?' என்று அம்மா கேட்டார். அத்தோடு படிப்பு முடிந்தது. அம்மா மேல் எனக்குக் கோபமில்லை. அவரும் வேறென்ன செய்வார்? ஆனால் கழுத்தில் தாலி ஏறுவதற்குள் நான் நான்கு பிள்ளைகளை வளர்த்து முடித்தவள் என்பது எனக்குத்தான் தெரியும்.

கல்யாணமாகி ஒரு வருஷம் கழித்து ஒரு நாள் ராத்திரி, தயங்கித் தயங்கி கணவரிடம் சொன்னேன். 'எனக்குப் பிள்ளை பெத்துக்கணும்னு ஆசையே வரலைங்க. என்னைத் தப்பா நினைக்காதீங்க.' அவர் ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் சொன்னார், 'எனக்கும் பெரிசா ஆசை வந்ததில்லை. சொன்னா கெட்டவன்னு நினைப்பியோன்னு நானும் வாயைத் திறக்கலை.' அன்றைக்குத்தான் எங்கள் இருவருக்கும் மனசு லேசானது. அவசரப்படவில்லை. இரண்டு வருஷம் பார்ப்போம், மனசு மாறினால் மாறட்டும் என்றுதான் இருந்தோம். மாறவில்லை.

இதற்கிடையில் மாத்திரை சாப்பிட்டேன். எனக்கு அது ஒத்துக்கொள்ளவில்லை. ஒரே தலைவலி, குமட்டல். அதை நிறுத்திவிட்டு கணவர் ஆணுறை உபயோகித்தார். 2019ல் எனக்கு 18 நாள் தள்ளிப்போனது. மெடிக்கலில் கார்டு வாங்கி வந்து குளியலறையில் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு கோடுதான் வந்தது. கர்ப்பமில்லை. ஆனால் அந்த 18 நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. கணவர் வேலையில் கவனமில்லாமல் விரலை வெட்டிக்கொண்டு வந்தார். இனி இப்படி மாதா மாதம் நாள் எண்ணிக்கொண்டு வாழ முடியாது, நிரந்தரமாக ஏதாவது செய்துவிடுவோம் என்று அப்போதுதான் முடிவெடுத்தோம். 'உனக்கு எதுக்கு வயித்துல ஆபரேஷன்? ஆம்பிளைக்குன்னா கத்தியே இல்லாம கால் மணி நேரத்துல முடியுதாம். நானே பண்ணிக்கிறேன்' என்று அவராகவே முன்வந்தார். எத்தனை பேருக்கு இப்படி ஒரு கணவர் அமைவார் என்று அன்று நான் பெருமைப்பட்டேன்.

வருஷா வருஷம் நவம்பர் 21 முதல் டிசம்பர் 4 வரை, ஆண்களுக்கான கருத்தடை விழிப்புணர்வு என்று அரசு ஆஸ்பத்திரிகளில் போஸ்டர் ஒட்டுவார்கள். 2021ல் அதைப் பார்த்துவிட்டு, அரை நாள் லீவு போட்டு எங்கள் ஊர்ப் பக்கத்து அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே மேஜை போட்டு உட்கார்ந்திருந்த சிஸ்டருக்கு எங்களைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. ஆபரேஷனுக்கு ஆண்கள் தானாக வருவது அவ்வளவு அபூர்வம்.

'வாங்க சார், உட்காருங்க. எத்தனை குழந்தைங்க?'

'இல்லைங்க சிஸ்டர்.'

'எத்தனைன்னு கேட்டேன்.'

'குழந்தை இல்லைங்க. வேணாம்னுதான் வந்திருக்கோம்.'

பேனாவைக் கீழே வைத்துவிட்டார். 'குழந்தை இல்லாதவங்களுக்கு ஓ.பி. அந்தப் பக்கம்மா. இது குழந்தை இருக்கறவங்களுக்கு' என்று கையைக் காட்டினார். நாங்கள் சொன்னது அவருக்குப் புரியவே இல்லை. திரும்பச் சொன்னதும், இரண்டு பேருக்கும் சண்டையா, வியாதியா, வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியுமா என்று கேள்வி மேல் கேள்வி. வரிசையில் நின்ற ஒரு அம்மா, 'ஊரு உலகத்துல தவமா தவம் கிடக்குறாங்க, இதுங்களுக்குக் கொழுப்பைப் பாரு' என்று என் காதில் விழும்படியாகவே சொன்னார். எனக்குக் கால் நடுங்கியது. கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

கடைசியில் உள்ளே ஒரு டாக்டர் எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினார். அரசு விதியை அவர்தான் விளக்கினார். ஆபரேஷன் செய்துகொள்பவர் திருமணமானவராக இருக்க வேண்டும். பெண் என்றால் 22 வயதுக்கு மேல், 49க்குள். ஆண் என்றால் 60க்குள். ஒரு வயது தாண்டிய குழந்தை ஒன்றாவது இருக்க வேண்டும். பெண்ணின் உடல்நிலைக்குப் பிரசவம் ஆகாது என்பது போன்ற மருத்துவக் காரணம் இருந்தால் மட்டும் இந்தக் கடைசி விதி கிடையாது. 'உங்க ரெண்டு பேருக்கும் அப்படி ஒண்ணும் இல்லையே. நான் என்ன செய்யட்டும்?' என்றார்.

விதி ஏன் அப்படி என்றும் சொன்னார். 2004 சுனாமியில் கடலோரத்தில் எத்தனை குழந்தைகள் போனார்கள்! ஏற்கெனவே ஆபரேஷன் செய்திருந்த தாய்மார்கள் இருந்த பிள்ளைகளையும் பறிகொடுத்துவிட்டுத் தவித்தார்கள். வெட்டிய குழாயைத் திரும்ப இணைக்கும் ஆபரேஷனை அரசாங்கமே இலவசமாக செய்து கொடுத்தது. ஆனால் இணைத்தாலும் குழந்தை நிச்சயம் என்று சொல்ல முடியாது. 'உனக்கு இன்னும் வயசு இருக்கும்மா. பின்னால வருத்தப்படுவே. அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்' என்றார். நல்ல மனிதர்தான். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. அன்று எனக்கு வயது 32.

அப்புறம் ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனோம். பீஸை வாங்கிக்கொண்டு, 'மாமனார் மாமியாரை அழைச்சிட்டு வாங்க, பேசலாம்' என்றார்கள். ஓட்டுப் போடவும், கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடவும் எங்களுக்கு வயது வந்துவிட்டது. இதற்கு மட்டும் பெரியவர்கள் வர வேண்டுமாம்!

இங்கே என் ஓரகத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கணவரின் தம்பி மனைவி. என்னை 'அக்கா' என்றுதான் கூப்பிடுவாள். 2018ல் அவளுக்கு இரண்டாவது பிரசவம், சிசேரியன். முதலாவது ஆண், இரண்டாவது பெண். மயக்கம் கூடச் சரியாகத் தெளியாதவளிடம் காகிதத்தை நீட்டினார்கள் என்று நினைக்காதீர்கள். அதற்கு முன்பே, வலியில் துடித்துக்கொண்டிருக்கும்போதே நீட்டிவிட்டார்கள். 'ஆண் ஒண்ணு, பொண்ணு ஒண்ணு ஆச்சுன்னா அதோட முடிச்சுக்கலாம், கையெழுத்துப் போடும்மா' என்று சிஸ்டர் சொல்ல, வீட்டிலும் 'போடு போடு' என்றார்கள். போட்டாள். அவளுக்கு அப்போது 23 வயது. பின்னால் வருத்தப்படுவாய் என்று அவளிடம் ஒருவரும் சொல்லவில்லை. சுனாமிக் கதையும் சொல்லவில்லை. கொழுந்தனாரை ஆபரேஷன் செய்துகொள்ளச் சொல்லலாமே என்று யாருக்கும் தோன்றவும் இல்லை.

2022ல் அவளுடைய பெண்ணுக்கு டெங்கு காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். ராத்திரித் துணைக்கு நான் இருந்தேன். வராந்தாவில் பாய் விரித்துப் படுத்திருந்தபோது அவள் அழுதாள். 'இதுக்கு ஏதாவது ஆயிட்டா நான் என்னக்கா பண்ணுவேன்? அஞ்சாறு வருஷம் போகட்டும், அப்புறம் ஆபரேஷன் பண்ணிக்கலாம்னுதான் நினைச்சிருந்தேன். என்னை யாரு கேட்டா?' கடவுள் புண்ணியத்தில் பெண் பிழைத்துக்கொண்டாள். ஆனால் 'என்னை யாரு கேட்டா' என்று அவள் சொன்னது என் மனதை விட்டுப் போகவில்லை. 23 வயதில் யோசிக்க வேண்டும் என்றவளுக்கு ஆபரேஷன் நடந்துவிட்டது. 32 வயதில் ஏழு வருஷம் யோசித்து வந்தவளுக்கு 'யோசித்துப் பார்' என்று புத்தி சொன்னார்கள். அவளிடமும் சரி, என்னிடமும் சரி, எத்தனை குழந்தை என்றுதான் கேட்டார்கள். உனக்கு என்னம்மா வேண்டும் என்று கேட்கவில்லை.

இது ஏதோ எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை. 2019-21ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் திருமணமான பெண்களில் 100க்கு ஏறத்தாழ 38 பேர் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். தமிழ்நாட்டில் பாதிக்கும் மேல். ஆண்கள் ஆபரேஷன் செய்துகொண்ட தம்பதிகளோ, நாட்டில் 1000க்கு 3 பேர்தான். ஆனால் எப்போதும் இப்படி இல்லையாம். எமர்ஜென்சி காலத்தில், 1976-77ல் ஒரே வருஷத்தில் நாடு முழுக்க 80 லட்சத்துக்கு மேல் ஆபரேஷன் நடந்தது. அதில் நான்கில் மூன்று பங்கு ஆண்கள். பல இடங்களில் கட்டாயப்படுத்திச் செய்தார்கள். அந்தப் பயத்தில் ஆண்கள் ஒதுங்கிவிட்டார்கள், பாரம் முழுக்கப் பெண்கள் தலையில் வந்து விழுந்தது. என் மாமனாருக்கு அந்தப் பயம் இன்னும் போகவில்லை. 'ஆபரேஷன் பண்ணிக்கிட்டா ஆம்பிளைக்கு பலம் போயிடும்' என்பார்.

அது உண்மையில்லை என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். ஆணுக்குச் செய்வது வயிற்றைத் திறக்காத சின்ன சிகிச்சை. மரத்துப்போக ஊசி போட்டு, சிறு துளை வழியாகச் செய்கிறார்கள். தையல் கிடையாது. அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம். ஒரு வாரத்துக்குப் பாரம் தூக்கக்கூடாது, சைக்கிள் ஓட்டக்கூடாது. ஆண்மைக்கோ பலத்துக்கோ ஒரு குறையும் வராது. ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது. செய்த அன்றே பலன் கிடைக்காது. மூன்று மாதம் வரை வேறு பாதுகாப்பு வேண்டும். அப்புறம் விந்துவைப் பரிசோதித்து, சரி என்று சொன்ன பிறகுதான் நிம்மதி. இன்னொரு விஷயமும் பலருக்குத் தெரியாது. அரசு விதிப்படி, பெண் ஆபரேஷன் செய்துகொள்ளக் கணவரின் கையெழுத்து கட்டாயம் இல்லை. ஆணுக்கு மனைவியின் கையெழுத்தும் கட்டாயம் இல்லை. செய்துகொள்பவரின் சம்மதம்தான் முக்கியம்.

இத்தனை அலைச்சலில் எனக்கு ரொம்ப வலித்தது ஆஸ்பத்திரி இல்லை, என் மாமியார்தான். அவர் என்னைக் கொடுமைப்படுத்தினார் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்காக அவர் ஆறு வருஷம் சஷ்டி விரதம் இருந்தார். சர்க்கரை வியாதி உள்ளவர், பச்சைத் தண்ணீர் குடித்துவிட்டுக் கிடப்பார். திருக்கருகாவூர் போய் அம்மனுக்குப் பூஜை செய்த நெய் வாங்கி வந்து எனக்கு ஊட்டிவிட்டார். அக்கம்பக்கத்தில் யாராவது 'உன் மருமக மலடியா' என்று கேட்டால் சண்டைக்குப் போவார். நானோ உண்மையைச் சொல்லத் தைரியமில்லாமல் நெய்யை விழுங்கிக்கொண்டு நின்றேன்.

ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த பிறகு, இனியும் மறைப்பது பாவம் என்று இரண்டு பேரும் அவர் முன்னால் உட்கார்ந்து சொன்னோம். அத்தை கத்தவில்லை. மகனைப் பார்த்து, 'நானும் ஒத்துக்கிட்டதுதாம்மா' என்று அவன் வாயால் சொல்லச் சொன்னார். சொன்னார். அப்புறம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார், 'ஆறு வருஷம் நான் பட்டினி கிடந்தப்ப, ஒரு நாளாவது சொல்லணும்னு உனக்குத் தோணலையா?' இதற்கு நான் என்ன பதில் சொல்வேன்? காலில் விழுந்தேன். இரண்டு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை. குழந்தை வேண்டாம் என்ற முடிவுக்காக நான் ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை. அதை மறைத்து ஒரு வயசான மனுஷியைப் பட்டினி போட்டதற்காக இன்றைக்கும் வருத்தப்படுகிறேன். என்னைப் போல் யாராவது இருந்தால், தயவுசெய்து இந்தத் தவறைச் செய்யாதீர்கள். வெட்கப்பட்டு மறைக்க மறைக்க, வலி அன்பாக இருக்கிறவர்களுக்குத்தான்.

கடைசியில் 2022ல் ஒரு வயதான லேடி டாக்டரைப் பார்த்தோம். எங்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். யாராவது கட்டாயப்படுத்துகிறார்களா, பயமா, பணக் கஷ்டமா என்று பொறுமையாகக் கேட்டார். அவரும் ஆபரேஷன் செய்ய ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் விரட்டவும் இல்லை. 'காப்பர்-டியில் பத்து வருஷம் வரைக்கும் தாங்குறது இருக்கு. அதுவரைக்கும் ஆபரேஷன் மாதிரியே பாதுகாப்புன்னு வச்சுக்கோ. மனசு மாறினா எடுத்துடலாம். மாறலைன்னா உனக்குக் கவலையில்லை' என்றார். போட்டுக்கொண்டேன். முதல் மூன்று நான்கு மாதம் போக்கு அதிகமாக இருந்தது, வயிறும் வலித்தது. அப்புறம் சரியாகிவிட்டது. இப்போது நாள் எண்ணுவது இல்லை. 2032ல் அதை எடுக்க வேண்டும். அப்போது எனக்கு 43 வயது. மறுபடி ஒரு காப்பர்-டியோ, இல்லை அதற்குள் விதி மாறி என் கணவருக்கு ஆபரேஷனோ, தெரியாது.

விதியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஏழை எளியவர்களை ஏமாற்றிக் கூட்டிப்போய் ஆபரேஷன் செய்த கொடுமை நடந்த நாடு இது. 2014ல் சத்தீஸ்கர் மாநிலம் பிலாஸ்பூர் அருகே ஒரே முகாமில் 83 பெண்களுக்கு ஆபரேஷன் செய்து, அதில் பலர் இறந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். அதன் பிறகு 2016ல், இப்படி முகாம் போட்டுச் செய்வதை மூன்று வருஷத்துக்குள் நிறுத்த வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. அதனால் காவல் வேண்டியதுதான். ஆனால் குழந்தை இல்லாதவர் வந்தால் அப்படியே திருப்பி அனுப்பாமல், தனித்தனியாக விசாரிக்கட்டும். ஆறு மாதமோ ஒரு வருஷமோ யோசித்து வரச் சொல்லட்டும். அப்புறமும் அதே முடிவோடு வந்தால் செய்துவிடட்டும். அதே பொறுமையை, இரண்டு குழந்தை பெற்று வலியோடு படுத்திருப்பவளுக்கும் காட்டட்டும். கர்ப்பமாக இருக்கும்போதே, கணவரையும் பக்கத்தில் உட்கார வைத்து, நிதானமாகக் கேட்கட்டும். நாங்கள் கேட்பது இவ்வளவுதான்.

வயசான காலத்தில் யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேட்பீர்கள். எல்லோரும் கேட்கிறார்கள். எங்களுக்கும் அந்த யோசனை இல்லாமல் இல்லை. மாதா மாதம் போஸ்ட் ஆபீஸில் ஆர்.டி. போடுகிறோம். ஆனால் நம்மைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்பதற்காக ஒரு உயிரைப் பெறுவது சரியா என்று எனக்குத் தெரியவில்லை. ஐந்து பிள்ளை பெற்ற என் அம்மா இன்று இருப்பது தனியாகத்தான்.

போன மாதம் ஓரகத்தி மகளுக்குக் காதுகுத்து. அத்தை என்னைக் கூப்பிட்டு, 'நீயும் வந்து பக்கத்துல நில்லு, அவ பெரியம்மா நீதானே' என்றார். ஒரு உறவுக்காரப் பெண்மணி, 'என்ன, உனக்கு ஏதும் விசேஷம் உண்டா?' என்று வழக்கம்போல் ஆரம்பித்தார். நான் பதில் சொல்வதற்குள் அத்தையே சொல்லிவிட்டார், 'அவங்களுக்கு வேணாமாம். நல்லாத்தான் இருக்காங்க. நீ பந்திக்குப் போ.'

சகோதரிகளே, குழந்தை இல்லாத பெண்ணைப் பார்த்தால் ஏன் இல்லை என்று கேட்காதீர்கள். ஏங்குகிறவளாக இருந்தால் அந்தக் கேள்வி அவளைக் குத்தும். என்னைப் போன்றவளாக இருந்தால் பொய் சொல்ல வைக்கும்.

என் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி மாவட்டம்.